கோரிமேட்டில் நிற்காத நாவல்

புதுச்சேரி விடுதலையைப் பற்றி மனசில் நிற்கும்படியான ஒரு நாவல் ஏன் நமக்குக் கிடைக்கவில்லை என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லும் தகுதி எனக்கு ஒரு விதத்தில் உண்டு. அப்படி ஒரு நாவலை எழுதத் தொடங்கி, நூற்று நாற்பது பக்கங்களோடு நிறுத்திவிட்டவன் நான். தோற்றவனுக்குத் தெரிகிற சில விஷயங்கள் விமர்சகனுக்குத் தெரிவதில்லை என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

சுதந்திரப் போராட்டத்தை வைத்து எழுதப்பட்ட நம் நாவல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே எலும்புக்கூடுதான். முதலில் கொடுமை, பிறகு கலகம், பிறகு சிறை, கடைசியில் கொடியேற்றம். நடுவே ஒரு காதல். கல்கி 1948-49-ல் எழுதிய 'அலை ஓசை' இந்தக் கூட்டை வைத்துக்கொண்டே, கொடியேற்றத்துக்குப் பக்கத்தில் பிரிவினையின் ரத்தத்தையும் வைத்தது. அதனால்தான் அது இன்றும் கனக்கிறது. மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. 1947 ஆகஸ்டு 15 நள்ளிரவு என்ற கடிகாரம் கையில் இருக்கும்போது, கதையை எங்கே முடிப்பது என்ற கவலை எழுத்தாளனுக்கு ஏன் வரப்போகிறது?

கோவாவை எடுத்துக்கொண்டாலும் இப்படித்தான். 1961 டிசம்பரில் ராணுவம் நுழைந்தது. இரண்டே நாளில் நானூற்று ஐம்பது வருஷத்துப் போர்ச்சுகல் ஆட்சி முடிந்தது. அந்த விடுதலையை வைத்து ராஜம் கிருஷ்ணன் 'வளைக்கரம்' எழுதினார். தமிழ் நாவலாசிரியை ஒருவர் கோவாவரை போய்வந்து விஷயம் சேகரித்து எழுதியிருக்கிறார். சென்னையிலிருந்து நூறு மைலில் இருக்கிற புதுச்சேரிக்கு யாரும் அந்த அளவு மெனக்கெடவில்லையே என்று நான் ஒரு காலத்தில் அங்கலாய்த்தது உண்டு. எழுத உட்கார்ந்தபோதுதான் காரணம் புரிந்தது. புதுச்சேரிக்கு நள்ளிரவே கிடையாது.

தேதிகளைப் பாருங்கள். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, கீழூர் என்ற கிராமத்தில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர். வேண்டாமென்று 8 பேர். லட்சக்கணக்கான ஜனங்களின் தலைவிதி ஒரு கிராமத்தில், ஒரு பெரிய கல்யாணப் பந்திக்குக்கூடக் காணாத ஆட்களால் எண்ணி முடிக்கப்பட்டுவிட்டது. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஊர் இன்னும் பிரான்ஸுடையதுதான். ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தாயிற்று. அதைப் பிரஞ்சுப் பார்லிமெண்ட் ஒப்புக்கொள்ள 1962 ஆகிவிட்டது. அந்த வருஷம் ஆகஸ்டு 16-ல்தான் புதுச்சேரி முறைப்படி இந்தியாவாயிற்று. ஆக, பாரத நாட்டுக்கு ஆகஸ்டு 15. எங்களுக்கு ஆகஸ்டு 15, 16, நவம்பர் 1 என்று மூன்று. ஆகஸ்டு 16-ல் கீழூர் நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறார்கள். நவம்பர் 1-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடவேண்டும் என்று சர்க்காருக்குத் தோன்ற, அறுபது வருஷம் போலப் பிடித்தது. இந்த மூன்றில் எந்த நாளில் கதாநாயகன் கண்ணீர் விடுவான்? எழுதிப் பார்த்தால்தான் இந்தச் சங்கடம் தெரியும்.

என் நாவல் 1936 ஜூலை 30-ல் தொடங்கியது. அன்று மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்மேல் பிரஞ்சுப் படை சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். தொழிலாளரைத் திரட்டியவர் வ. சுப்பையா. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. இரண்டு வருஷத்துக்கு முன்பே 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1937-ல் எட்டு மணி நேர வேலை பிரஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. நாவலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் யாருக்குக் கிடைக்கும்? எனக்கும் முதல் எண்பது பக்கம் தண்ணீர்பட்ட பாடாக ஓடியது. மில் சங்கு, நெசவுக்கூடத்துப் பஞ்சுத் தூசி, குண்டடிபட்டவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. என் கதாநாயகன் ஒரு நெசவுத் தொழிலாளி. நல்லவன். தேவைக்கு மேல் நல்லவன்.

தடங்கல் 1954 மார்ச்சில் வந்தது.

அதைச் சொல்வதற்குமுன் எதுவார் குபேரைப் பற்றிச் சொல்லவேண்டும். தந்தை பிரஞ்சுக்காரர், தாய் இந்தியர். பிரஞ்சிந்திய சோஷலிஸ்டு கட்சியின் தலைவர். 1948 அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தலுக்குப் பிறகு ஊர் அவர் கைக்குள் இருந்தது. அந்த ஆண்டுகளில் 'இணைப்பு' என்று வாய் திறந்தவன் உடம்பு முழுசாக வீடு திரும்புவது நிச்சயமில்லை. 1950-ல் சுப்பையாவின் வீடு தீக்கிரையாயிற்று. பிரஞ்சு ஆட்சியின் உள்ளூர்த் தூண் குபேர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்பேர்ப்பட்டவரின் ஆட்கள், 1954 மார்ச் 18-ஆம் தேதி, வாக்கெடுப்புக்கூட வேண்டாம், உடனே இந்தியாவோடு இணைக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றி, தற்காலிக சர்க்காரையும் அமைத்துவிட்டார். கடத்தல், லஞ்சம் பற்றிய விசாரணைகள் தம்மை நெருங்கிவந்த சமயத்தில்தான் அவருக்கு இந்த ஞானோதயம் வந்தது என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மாற்றம் இல்லாவிட்டால் கீழூரில் 170 கைகள் ஏது?

நான் அவரை வில்லனாக்கி வைத்திருந்தேன். வேறு பெயர் கொடுத்திருந்தேன், வெள்ளைத் தொப்பி, சுருட்டு, கரகரத்த சிரிப்பு எல்லாம் கொடுத்திருந்தேன். நூற்று இருபதாம் பக்கத்தில் வில்லன் கொடியேற்றுகிறான். என் நெசவாளி என்ன செய்வான்? கூட்டத்தோடு கூட்டமாகக் கை தட்டவேண்டும். அல்லது தான் இருபது வருஷம் விரும்பியதை எதிரி செய்கிறானே என்று ஒதுங்கி நிற்கவேண்டும். இரண்டையும் எழுதினேன். இரண்டும் பொய்யாக வந்தது. ஒரு பத்திரிகாசிரியரிடம் காண்பித்தேன். "கொடியேற்றத்தைத் தொழிலாளி கையால் செய்துவிடுங்கள், தொடராகப் போடலாம்" என்றார். பொருளாதார நோக்கில் பார்த்தால் கெட்ட யோசனை அல்ல. நான் கைப்பிரதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சம்பவங்களில் குறை இல்லை; குறை என் பார்வையில்தான் என்று எனக்குக் காட்டியவர் ஒரு கிழவி. என் தாயாருக்குப் பெரியம்மா முறை. நாங்கள் எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். சில வருஷங்களுக்கு முன் காலமானார். திண்டிவனத்துப் பக்கத்துப் பெண். 1952-ல் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவர்.

அவர் கதை கோரிமேட்டில் நடக்கிறது. திண்டிவனம் சாலையில் வந்தால் புதுச்சேரி தொடங்குகிற இடம் அது. இன்று அங்கே இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே உறையும் சோற்றுத் தூக்கும் வைத்திருப்பார்கள். 1823-ல் பிரஞ்சுக்காரர்கள் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வாரிசான ஜிப்மர் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. சாலையின் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்று சாராயம் விற்பதும் ஓயவில்லை. ஆனால் 1949-லிருந்து 1954 வரை அது வெறும் எல்லை அல்ல, கதவு. பிரஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க உடன்பாட்டை இந்திய சர்க்கார் 1949-ல் முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு துணி, தங்கம், கைக்கடிகாரம், சீமைச் சரக்கு எதுவானாலும் சுங்கத்தாரைத் தாண்டித்தான் போகவேண்டும். இந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு. அந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு கடை. தாகத்தோடு போனவர்களும் தாகம் தீர்ந்து திரும்பியவர்களும் ஒரே சாவடியில் சோதனைக்கு நின்றார்கள். பிரஞ்சு எல்லையோ ஒரு கோடு அல்ல. அவர்கள் கிராமமும் நம் கிராமமும் சோழி போட்டதுபோலச் சிதறிக் கிடந்தன. வீடு ஒரு தேசம், வயல் ஒரு தேசம் என்று இருந்தவர்கள் உண்டு. 1954-ல் பர்மிட்டும் வந்து சேர்ந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு தாய் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஆயாவின் தகரப் பெட்டி கோரிமேட்டில் திறக்கப்பட்டது. முதல் தடவை கூறைப் புடவையை மேஜைமேல் விரித்து, மடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார்களாம். பஸ்ஸில் இருந்த ஆண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை அவர் அறுபது வருஷம் கழித்துச் சொல்லும்போதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

"சுதந்திரம் வந்தப்போ என்ன ஆயா நெனச்சீங்க?" என்று கேட்டேன். நாவலுக்கு ஒரு வரி கிடைக்காதா என்ற ஆசை.

"என்னாத்த நெனக்கிறது கண்ணு. இனிமே பொட்டியத் தொறக்க வாணாம்னு நெனச்சேன்" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெட்டியைத் திறந்தவன் பிரஞ்சுக்காரன் அல்ல. கோரிமேட்டில் ஆயாவின் புடவையை விரித்தது சுதந்திர இந்தியாவின் சுங்க இலாகா. அரிசியையும் நூலையும் வழியையும் இறுக்கி, புதுச்சேரிக்காரனுக்கு இந்தியாவில் சேராமல் வாழ முடியாது என்று ஆக்கியதும் அதுவே. ராஜதந்திரம் என்ற முறையில் அது சரியாக இருக்கலாம்; பீரங்கியைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இறுக்கத்தில் நசுங்கியது கவர்னர் மாளிகை அல்ல, ஒரு பெண்ணின் தகரப் பெட்டி. விடுதலை நாள் மலர்களைப் புரட்டிப் பாருங்கள், பன்னிரண்டு தியாகிகள் இருப்பார்கள், இருக்கவேண்டியதுதான், கீழூர் இருக்கும், தலைவர்களின் படங்கள் இருக்கும். சுங்கச் சாவடி இருக்காது. கலகம் செய்தவனையும் ஆண்டவனையும் எழுதிவிட்டு, நடுவில் பெட்டியோடு நின்றவளை விட்டுவிடுகிறார்கள். நானும் நூற்று நாற்பது பக்கம் அதைத்தான் செய்திருந்தேன். என் நாவலில் பஸ் கோரிமேட்டில் நிற்கவே இல்லை.

இந்த நடு இடத்தை எழுத முடியும் என்பதற்குத் தமிழில் சாட்சி இருக்கிறது. புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு சரித்திர நாவல்களை எழுதினார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. ராஜாவும் மந்திரியும் குதிரையுமாக இருந்த சரித்திர நாவலில் அவர் துபாஷியைக் கொண்டுவந்து உட்கார்த்தினார். கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து எழுதிவந்த தினப்படிச் சேதிக் குறிப்பு அவருக்கு ஆதாரம். துபாஷி என்பவன் யார்? இரண்டு பாஷை தெரிந்தவன், இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவன், இரண்டு பக்கத்திலும் முழுசாக நம்பப்படாதவன். துரை சொன்னதை ஊருக்கும், ஊர் சொன்னதைத் துரைக்கும், நடுவில் தனக்கும் கொஞ்சம் சேர்த்து மொழிபெயர்க்கிறவன். 1748-ல் வேதபுரீசுவரர் கோவிலை இடித்தபோது அந்தத் துபாஷி எங்கே நின்றார், என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதில்தான் நாவலாசிரியனுக்கு வேலை இருக்கிறது. பிரபஞ்சன் அந்த வேலையைத் தெரிந்து செய்தார்.

எனக்கு அவரிடம் ஒரு குறையும் உண்டு. பிள்ளையை அவர் சற்று அதிகமாகவே நேசித்துவிட்டார். குறிப்பிலே வருகிற பிள்ளை வரவு செலவில் கெட்டிக்காரர். தமக்கு யார் எத்தனை மரியாதை செய்தார்கள் என்பதை மறக்காமல் எழுதி வைக்கிறவர். எதிரி சறுக்கினால் மனசுக்குள் சந்தோஷப்படுகிறவர். நாவலில் அந்த முனைகள் கொஞ்சம் மழுங்கி, நம் காலத்து மனிதாபிமானி ஒருவரின் வெளிச்சம் அவர்மேல் விழுந்துவிடுகிறது. பிரபஞ்சனின் நெஞ்சின் ஈரம் அது. அவருடைய சிறுகதைகளுக்கு அதுவே பலம். சரித்திர நாவலில் அந்த ஈரம் கொஞ்சம் அதிகம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் இருப்பார்கள்.

எப்படியானாலும் அவர் திறந்த வழி முக்கியம். அந்த வழியாக 1954-க்கு வந்து பார்த்தால் குபேர் வில்லனாகத் தெரியவில்லை; இருபதாம் நூற்றாண்டுத் துபாஷியாகத் தெரிகிறார். இரண்டு ரத்தம், இரண்டு பாஷை, பாரீஸுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கை. எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் துபாஷியின் தொழில். காற்று அப்போது தூரத்திலிருந்து வீசியது. 1954 மே 7-ல் வியத்நாமில் தியன் பியன் பூ கோட்டை விழுந்தது. ஜூனில் பாரீஸில் மெந்தெஸ் பிரான்ஸ் பிரதம மந்திரியானார். ஜூலையில் இந்தோசீனப் போரை முடித்தார். அந்தச் சமாதானத்தின் ஓர் ஓரத்தில் புதுச்சேரியும் பைசலாகிவிட்டது. சைகோனில் உத்தியோகம் பார்த்த புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்தச் சேதி ஊர்ச் சேதியாகவே இருந்தது. என் கதாநாயகனுக்கு மட்டும் நான் அதைச் சொல்லவே இல்லை. நிர்வாகம் கைமாறிய அதே 1954 நவம்பர் 1-ல்தான் அல்ஜீரியாவில் துப்பாக்கி வெடித்தது. அங்கே எட்டு வருஷம் ரத்தம் ஓடியது. சரித்திரத்தின் இன்னொரு குறும்பு: இந்தியாவில் பிரஞ்சு சாம்ராஜ்யக் கனவு கண்ட டூப்ளே இங்கிருந்து கப்பலேறியது 1754 அக்டோபரில். கீழூர் வாக்கெடுப்பு நடந்தது சரியாக இருநூறு வருஷம் கழித்து அதே மாதத்தில்.

இப்படி எழுதினால் தியாகத்தைக் கொச்சைப்படுத்துவதாகாதா என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். சுப்பையா போன்றவர்கள் நாடு கடத்தலையும் தீயையும் தாங்கியிருக்க, கட்சி மாறியவருக்கு நடு இடம் கொடுப்பதா என்றார். கோபம் நேர்மையானது. நான் சொல்வது வேறு. துபாஷியை நடுவில் வைத்தால்தான் சுப்பையாவின் கதைக்கே உயிர் வருகிறது. இருபது வருஷம் கேட்ட ஒன்று கிடைக்கிறது. அதைக் கொண்டுவந்து கொடுப்பவன் தன்னை அடித்தவன். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வாங்கிக்கொண்டு, பிறகு அதே மனிதனுக்கு எதிரே சட்டசபையில் உட்காரவேண்டும். 1963 ஜூலை 1-ல் யூனியன் பிரதேசத்துக்கு மந்திரிசபை வந்தபோது முதல் முதலமைச்சர் குபேர்தான். அந்த ஒரு நாளை சுப்பையாவின் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுதத் தெரிந்தவன் எந்தக் கொடியேற்றத்தையும் எழுதவேண்டாம். இன்று புதுச்சேரியின் கடற்கரைச் சாலைக்குக் குபேர் பெயர். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர். தெற்கு புல்வாருக்குச் சுப்பையா பெயர். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் டூப்ளே சிலையாக நிற்கிறார். ஊருக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை. மாலையில் எல்லோரும் அங்கே காற்று வாங்கப் போகிறார்கள். சங்கடமெல்லாம் நாவலாசிரியனுக்குத்தான்.

இன்னொரு கதையும் அங்கே எழுதப்படாமல் கிடக்கிறது. 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரஞ்சுக் குடிமகனாக இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் சும்மா இருந்தவர் இந்தியர். எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர். பிரஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தம்பி எழுதிக் கொடுத்திருப்பான். மளிகைக் கடை அண்ணன் அந்தக் காகிதத்தைப் பார்த்தே இருக்கமாட்டான். பத்து வருஷம் கழித்துத் தம்பி வீட்டுப் பிள்ளைகள் பாரீஸுக்கு விமானம் ஏறும்போது அண்ணன் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? தேசபக்தி என்றா, ஏமாந்துபோனோம் என்றா? இரண்டையும் ஒரே வாயால், ஒரே சாப்பாட்டு நேரத்தில் பேசியிருப்பார்கள். அந்தச் சாப்பாட்டைப் பரிமாறியவள் ஆயாவைப் போன்ற ஒருத்தி. அவளை யாரும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கேள்வி கேட்ட அன்பருக்கு இதுதான் என் பதில். விஷயப் பஞ்சம் இல்லை. கொடியேற்றத்தை எதிர்பார்க்கிற கண்ணோடு போனதால் நாங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டோம். போன மாதம் பழைய கைப்பிரதியைப் பரணிலிருந்து இறக்கினேன். முதல் எண்பது பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். துப்பாக்கிச் சூடு மட்டும் எங்காவது திரும்ப வரும். இப்போது முதல் அத்தியாயத்தில் ஒரு பஸ் வந்து கோரிமேட்டில் நிற்கிறது. பெண் இறங்குகிறாள், பெட்டியை மேஜைமேல் வைக்கிறாள். சுங்கத்துக் குமாஸ்தா இருபத்திரண்டு வயசுப் பையன், கும்பகோணத்துப் பக்கம், முதல் உத்தியோகம். புடவை மடிப்புக்குள் கையை விட அவனுக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பின்னால் மேலதிகாரி நிற்கிறார். அந்தப் பையனுக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் தீர்மானமாகவில்லை.